அலுமினியம் நுழையாத பட்டறை

ஜூன் 8, சனி

மாம்பழ மஞ்சளில் இரண்டு கிலோ நூலுக்குச் சாயம் போட்டேன். வெயிலில் நன்றாகக் காய்ந்தது. மகள் சங்கரி டூட்டி முடிந்து வந்ததும் பைக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "கூலண்ட் மாத்தி ரெண்டு வருஷம் ஆயிடிச்சிமா. புதுசு வாங்கி அலமாரிலயே தூங்கிகினு கீது. எனக்குத்தான் நேரமே இல்ல." வாரத்தில் ஆறு நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகிற பெண். போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர். நாளை தேசூரில் தோழி கல்யாணத்துக்கு பஸ்ஸில் போகிறாளாம். வண்டி வீட்டில் சும்மா நிற்கும். எனக்கு ஒரு யோசனை.

ஜூன் 9, ஞாயிறு

செய்துவிட்டேன்! வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். என்ஜின் ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே ஒரு போல்ட்டைக் கழற்றினால், என்ஜின் சூட்டைத் தணிக்கிற பழைய கூலண்ட் இறங்கிவிடும். பச்சையாக வரும் என்றார்கள். பாசி பிடித்த குட்டை நிறத்தில் வந்தது.

வீடியோக்காரர் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினார். இருபத்தைந்து வருஷமாகப் பட்டு நூலைச் சலவைச் சோடாவிலும் சோப்பிலும் வேகவைத்துப் பசை எடுக்கிறவள் நான். எனக்கு வெறும் தண்ணீரில் திருப்தி வருமா? ஒரு பிடி சோடா, கொஞ்சம் சோப்பு, சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றிப் பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டேன். ஆறியதும் திறந்தால் — என்ன அழுக்கு! நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுவாளே என்ற அவசரத்தில் இரண்டு தண்ணீர் அலசி, புதுக் கூலண்ட் ஊற்றி மூடினேன்.

என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்தார். "இன்னா பூங்காவனம், வண்டிக்கு சாயம் போட்றியா?" பொறாமை.

ஜூன் 10, திங்கள்

சங்கரி என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்கம்மாவே மாத்தினாங்கன்னு டிபார்ட்மெண்ட் பூரா சொல்லிட்டேன்" என்கிறாள். இன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மத்தியானம் பக்கத்துப் பட்டறை பாஞ்சாலை கொஞ்சம் சோடா கேட்டு வந்தாள், கையில் அலுமினியக் கிண்ணத்தோடு. "எட்டப் போடி! சோடா அலுமினியத்தத் தின்னுடும். கறுத்துப்போயி ஓட்டை விழும். தெரியாது?" என்று விரட்டி, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் பட்டறைக்குள் அலுமினியம் நுழையக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

அவள் போனபிறகு கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன். ரேடியேட்டர் எதில் செய்கிறார்கள்?

மெக்கானிக் குமரேசனுக்கு போன் செய்தேன். "அலுமினியம்தாங்க்கா. ஏன்?"

"சும்மாதாம்பா" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

5.40க்குக் கிளம்பினாள். 6.50க்கு நானே போன் செய்தேன். போய்ச் சேர்ந்துவிட்டாள். "இன்னாமா புதுசா?" என்றாள்.

நூலுக்கென்றால் நாலு தண்ணீர் அலசுவேன். கடைசித் தண்ணீரில் ஒரு வெள்ளை இழையை முக்கி, சாயம் ஏறுகிறதா என்று பார்க்காமல் விடவே மாட்டேன். பெற்ற பெண் ஏறிப் போகிற வண்டிக்கு இரண்டே தண்ணீர். எவ்வளவு சோடா உள்ளே தங்கியிருக்கிறதோ.

ஜூன் 13, வியாழன்

வண்டிக்குக் கீழே பச்சையாக ஒரு சொட்டு. துடைத்தேன். அரை மணி கழித்து இன்னொன்று.

சொல்லிவிடலாம். சொன்னால் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பொம்பளப் பிள்ளைக்கு இந்த வண்டி எதுக்கு என்று அன்றைக்கே குதித்தவர். நான்தான் சண்டை போட்டு வாங்கவைத்தேன். இப்போது வித்துடு என்பார். அதுமட்டுமா? டிபார்ட்மெண்ட் பூரா சொல்லிவிட்டு வந்திருக்கிறாளே. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

கண்ணமங்கலம் தாண்டி லாரிகள் நடுவில் கூலண்ட் வற்றி என்ஜின் இறுகி நின்றால்? பயமாக இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

சாவியை அரிசி டிரம்மில் போட்டுவிட்டேன். வீடெல்லாம் தேடினாள். "மா, லேட்டாவுது! எங்க வெச்சே?" என்று கத்தினாள். அவரும் எழுந்து வந்துவிட்டார். அவர் எதிரிலேயே சொன்னேன். சோடா, அலுமினியம், சொட்டு, எல்லாம்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சங்கரி கேட்டாள். "எப்போ தெரியும் உனக்கு?"

"செவ்வாக்கிழமை."

"அப்போ ரெண்டு நாளு தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

சோடா ஊற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மட்டும்தான் கேட்டாள். டிபனை எடுக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவரும் தறிக்குத் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆமாம், தெரிஞ்சேதான் அனுப்பினேன். என் பவிசு போயிடும்னு பெத்த பொண்ண அனுப்பினேன். நானெல்லாம் ஒரு அம்மாவா?

ஜூன் 15, சனி

சங்கரி இன்றும் பஸ்ஸில்தான் போனாள். டிபன் எடுக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

குமரேசன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "ரேடியேட்டர் தப்பிச்சிதுக்கா. சொட்றது போல்ட்டு வாசர்தான், வேற போட்டுட்டேன். உள்ள கீற தண்ணிய மட்டும் ஜல்தி எடுத்துடுங்க."

குமரேசன் போனதும் சங்கரி, வாங்கிவந்த டிஸ்டில்டு வாட்டர் கேன்களையும் புதுக் கூலண்டையும் இறக்கினாள். தானே போல்ட்டைக் கழற்றினாள். நான் கதவோரம் நின்றேன். ஊற்றினாள், ஓடவிட்டாள், ஆறவிட்டு இறக்கினாள். இரண்டாவது தண்ணீர் வந்ததும் என்னைப் பார்க்காமல், "போதுமா?" என்றாள்.

மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஓடிப்போய் ஒரு வெள்ளைப் பட்டு இழை கொண்டுவந்து அந்தத் தண்ணீரில் முக்கினேன். "வெள்ளையாதான கீது" என்றாள். வெயிலில் பிடித்துக் காட்டினேன். ஓரத்தில் லேசான பச்சை. "போதாது" என்றேன்.

மூன்றாவது தண்ணீர். போதாது. நான்காவதுக்கு அவளே இழையைக் கேட்டு வாங்கி முக்கி, என்னிடம் நீட்டினாள். வெள்ளை. விரலில் தேய்த்தும் பார்த்தேன். சோடாவின் வழவழப்பு இல்லை. "இப்போ ஊத்து" என்றேன். புதுக் கூலண்டை ஊற்றினாள். நான் புனலைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 17, திங்கள்

5.40க்குக் கிளம்பினாள். டிபன் எடுத்துக்கொண்டாள். போன் செய்யக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6.48க்கு அவளே கூப்பிட்டாள். "வந்துட்டேன்மா. என்ஜின் சூட்டு லைட்டு எதுவும் எரியல. போயி உன் வேலையப் பாரு."