மேலுறைக்குள் சமையல் புத்தகம்

அலமாரியைக் கொள்ளையடித்த என் மனைவிக்கு,

தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னவள் எங்கே போயிருக்கிறாய் என்று நேற்றுதான் புரிந்தது. நான் சேகரிக்கும் பயண எழுத்தாளரின் தீவுப் புத்தகத்தை, முதல் பதிப்பை, தூசி தட்டப் பிரித்தேன். மேலுறைக்குள் உன் சமையல் புத்தகம்! நீ போன இத்தனை நாளும் அதைத்தான் கையுறை போட்டுத் துடைத்திருக்கிறேன்.

பழைய புத்தகக் கடைக்காரரிடம் புலம்பினேன். "மேலுறை பத்திரமா இருக்குல்ல சார்? மதிப்பே அதுலதான்" என்றார். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், உள்ளே நீ இல்லை; என்னவோ போலாகிவிட்டது.

அந்தப் புத்தகங்களைக் கையிலெடுத்து, "இந்த ஊருக்கெல்லாம் நாம எப்போங்க போறது?" என்று நீ கேட்கும்போதெல்லாம், "கைய கழுவிட்டுத் தொடு" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்த எழுத்தாளருடைய எல்லா முதல் பதிப்பும் வைத்திருக்கிறேனே தவிர, புத்தகத்தின் முதுகு மடங்கிவிடும் என்று ஒன்றையும் படித்ததில்லை. இன்று அட்டை கிழிந்த நாலாம் பதிப்பு ஒன்றை வாங்கிப் படித்தேன். தீவில் ஒரே விடுதிதானாம். அந்த முகவரிக்கே எழுதுகிறேன். படகு சனிக்கிழமை மட்டும்தானாம். வருகிறேன்.

புத்தகத்தில் மணல் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். மேலுறையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கையுறை இல்லாமல் வரும்
உன் கணவன்