எந்த ஊர் மின்சாரம்?

ஆங் மோ கியோ,
ஞாயிறு காலை.

அன்புள்ள நிதீஷுக்கு,

மோகனா எழுதுவது. இங்கே நலம். ஹியூஸ்டனில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். அதில் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றுதான் வருகிறது. உங்கள் அலுவலகத்துச் சரஸ்வதி அடுத்த வாரம் அங்கே வருகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உட்லண்ட்ஸில் அத்தை சௌக்கியம். முழங்கால் வலி என்கிறார். ஆனால் எல்லை தாண்டி ஜொகூர் போய்க் காய்கறி வாங்கி வருவதென்றால் மட்டும் அந்த வலி காணாமல் போய்விடுகிறது. உங்கள் அம்மாவாயிற்றே, நான் வாயைத் திறக்கவில்லை.

இனி உங்கள் ஆம்ப் விஷயம். தீபாவளிக்கு வந்தபோது அங்கிருந்து ஆசையாகத் தூக்கி வந்த, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் அந்த ஆம்ப்பை, வெறும் அடாப்டரைச் செருகி நம் வீட்டுச் சுவரில் மாட்டினீர்களே, அதேதான். பிளக்கின் முள்ளை மாற்றினால் கரண்டும் மாறிவிடுமா? ஜூரோங் கப்பல் பட்டறையில் மின் பொறியாளராக இருந்தவர் இதை யோசித்திருக்க வேண்டாமா? முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் ஒரே புகை. ஏதாவது ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துப் போடச் சொல் என்று சொல்லிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள்.

ஏதாவது ஒன்று என்பதே இதில் கிடையாது, தெரியுமா? சிம் லிம் டவர் பக்கத்தில் மர்யம் அக்கா என்பவர், அந்தக்கால ரேடியோபோலக் கண்ணாடி வால்வுகள் வைத்த இந்த ஆம்ப்புகளைப் பழுது பார்க்கிறார். பின்மூடியைக் கழற்றியதுமே, "இது அமெரிக்கா சாமான் லா. நூத்தி இருபது வோல்ட்டுக்குச் செஞ்சது, நம்ம இருநூத்தி முப்பத எப்படித் தாங்கும்?" என்றார். பவர் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. கூடவே ரெக்டிஃபையர் வால்வும் போய்விட்டது.

நான் சும்மா இருப்பேனா? எது என்ன செய்கிறது என்று துருவித் துருவிக் கேட்டேன். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவில் மாற்றித் தருகிறதாம். வால்வுகள் வேலை செய்யச் சில நூறு வோல்ட். அவற்றுக்குள் இருக்கும் இழை சிவக்க ஆறு வோல்ட் சொச்சம். ரெக்டிஃபையர் வால்வுக்கென்று தனியாக ஐந்து. முன்னும் பின்னும் அலைகிற மின்சாரத்தை ஒரே திசையில் போகவைப்பதுதான் அந்த ரெக்டிஃபையரின் வேலை. வால்வுக்குப் பதிலாகப் பொடிப்பொடி டயோடுகளும் போடலாம், மலிவு, சூடும் இல்லை. அதையே போடுங்களேன் என்றேன். "அப்ப டிரான்ஸ்ஃபார்மரும் வேற எடுக்கணும். வால்வு கொஞ்சம் வோல்டேஜ் சாப்பிடும், டயோடு சாப்பிடாது. இதே அளவுல எடுத்தா மத்த வால்வுக்கெல்லாம் ஓவர் லா" என்றார். ஆக, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு ஜோடி பார்ப்பதுபோல.

கடையிலிருந்த வேறு இரண்டு ஆம்ப்புகளில் அக்கா இரண்டு விதத்தையும் வாசித்துக் காட்டினார். சிராங்கூன் ரோடு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்து, இது தெளிவா அது தெளிவா என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்பவள் நான். அன்று நானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. டயோடு போட்டதில் சத்தம் பட்டென்று வந்து நின்றது. வால்வு போட்டதில், பலமாக மீட்டியதும் ஒரு கணம் அமுங்கி, பிறகு மெல்ல எழும்பியது. திடீரென்று நிறையக் கேட்டால் வால்வுக்குக் கொடுக்க முடிவதில்லை, வோல்ட் இறங்கித்தான் ஏறுகிறது என்றார் அக்கா. அந்தத் திணறல் எனக்குப் பிடித்திருந்தது. அங்கிருந்து போனில் நீங்கள் வாசித்துக் காட்டும்போது மெத்தென்று இருக்குமே, அது இதனால்தானாம். வால்வே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக அக்கா ஒன்று கேட்டார். "இது எந்த ஊர்ல ஓடப்போகுது, தங்கச்சி?"

இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருக்கச் சொல்லிக் கம்பெனி கேட்டிருக்கிறது என்று எப்போதோ சொன்னீர்கள். அதன் பிறகு எப்போது கேட்டாலும் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறீர்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து அக்காவே ஒரு வழி சொன்னார். ஒரு சுவிட்சைத் தள்ளினால் இரண்டு ஊர் மின்சாரத்துக்கும் பொருந்துகிற டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதாம். உங்களை மாதிரி ஆட்களுக்கு அதுதான் வசதி என்றார். நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நிதீஷ், எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு ஊருக்கும் பொருந்துகிற மாதிரி நாமும் இருந்து பார்த்துவிட்டோம். என்னால் முடியவில்லை.

நூற்றிருபது என்று சொல்லுங்கள், கடையில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆம்ப்போடு நானும் வந்துவிடுகிறேன். அங்கேயும் கண் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் இருப்பார்கள். அந்த ஊரில் கண் சோதிக்கப் பரீட்சை எழுதச் சொன்னால் எழுதுகிறேன். இருநூற்று முப்பது என்றால் நீங்கள் வந்துவிடுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோவிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். எந்த ஊர் என்று அம்மனிடம் நான் கேட்கவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
மோகனப்பிரியா