சாட்சி இல்லாத குழி

அன்பு மருமகளுக்கு,

புளுகுக் கலையின் ஏகச் சக்கரவர்த்தியும், இந்த ஊர்ச் சுவர்களில் பாதியை ரசமட்டம் வைத்து நிமிர்த்தியவனும், உன் அப்பா போன நாளிலிருந்து உனக்குக் கடிதம் எழுதும் உத்தியோகத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டவனுமாகிய உன் மாமா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, அந்தக் குளிர் உன்னைத் தின்பதற்கு முன்னால் நீ எதையாவது தின்கிறாயா. இங்கே எல்லாரும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதியதுமே உன் அத்தை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, முதல் வரியிலேயே ஆரம்பிச்சாச்சா என்று கேட்டுவிட்டுப் போகிறாள், ஆகையால் திருத்திக்கொள்கிறேன், எல்லாரும் இருக்கிறோம். இனி வரப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன். அதனால் இந்த வரியை இடது கையால் எழுதவேண்டியதாயிற்று, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் போனில், நிரந்தர வேலை என்னம்மா ஆச்சு என்று நீ கேட்டதும் உன் அம்மா குக்கர் கத்துது என்று சொல்லி வைத்துவிட்டாளே, அன்றைக்கு வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவள் சொல்லமாட்டாள், ஆகவே நான் சொல்கிறேன். வேலையில்லாதவர்களுக்கு நகராட்சி வேலை கொடுக்கும் திட்டம் உனக்குத் தெரியும், வாய்க்கால் தூர் வாருவது, வேலி போடுவது, கன்று நடுவது என்று கூப்பிடுவார்கள், தோள் போன பிறகு சாரத்தில் ஏற முடியாத நானும் அதில்தான் இருக்கிறேன். ஒரு வருஷத்தில் தொண்ணூறு நாள் முடித்தவர்களைப் பூங்காவில் நிரந்தரத் தோட்ட வேலைக்கு எடுப்பார்கள், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. உன் அம்மாவுக்கு அடுத்த மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது. எழுபத்தெட்டு நாள் கையில் இருந்தது. கடைசியாக வந்த வேலை, பஸ் டெப்போவுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்க ஒரு குட்டை வெட்டுவது, அது சரியாகப் பன்னிரண்டு நாள். எழுபத்தெட்டும் பன்னிரண்டும் தொண்ணூறுதானா என்று அவள் தினமும் காலையில் காலண்டர் முன்னால் நின்று கூட்டிப் பார்ப்பாள், ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்குப் பாடத்தை மாற்றிவிடுவார்களோ என்ற பயம்.

நாங்கள் எட்டுப் பேர். அந்தக் குழியை வெட்டியதைப் பற்றி நான் ஒரு காவியம் பாடவேண்டும், நேரமில்லை. ஆறாம் நாள், கீழே இருந்து யாரோ, மெதுவா வெட்டுங்க, எங்க வீட்டுக் கூரை என்று கத்தினார்கள். பத்தாம் நாள் நாங்கள் மேலே ஏறி வருவதற்குள் பாதிப் பேருக்குத் தாடி வளர்ந்துவிட்டது. உன் அம்மா ஒரு கூடை மண்ணைத் தலையில் தூக்கினால் பூமி அந்தப் பக்கம் ஒரு சாண் சாயும், நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கம் ஓடி நின்று சரிசெய்வோம். வெட்டின மண்ணைச் சுற்றிலும் கரையாகப் போட்டு மிதித்தோம்.

இனிதான் விஷயம். வேலைக்கு வந்தாய் என்பதால் மட்டும் அது நாள் ஆகிவிடாது, வெட்டின ஆழத்தை ஓவர்சீயர் வந்து அளந்து புத்தகத்தில் ஏற்றினால்தான் நாள். ஆழத்தை எதிலிருந்து அளப்பது? கரைதான் உயர்ந்துவிட்டதே. அதற்காகக் குழியின் நடுவில் ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் பழைய தரை மட்டத்திலேயே, மேலே புல்லோடு, விட்டுவைப்பார்கள். அதற்குப் பெயர் சாட்சி. முதல் நாளே எங்கள் மேஸ்திரி அம்மாள், விசில் ஊதி ஊதி விசிலக்கா என்றே பெயராகிவிட்டது, எல்லாரையும் நிற்கவைத்து, சாட்சி மேல யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நான் அப்போது பின்வரிசையில், ஒரே நாளில் ஒன்பது வீடு பூசின கதையில் ஏழாவது வீட்டுக்கு வந்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் எல்லாரும் குழாயடிக்குக் கைகால் கழுவப் போனார்கள். மறுநாள் ஓவர்சீயர் வருகிறாள். நான் கரையில் நின்று குழியைப் பார்த்தேன், பக்கவாட்டெல்லாம் கத்தியால் வெண்ணெயை வெட்டினதுபோல் இருக்கிறது, நடுவில் மட்டும் சீவாத தலையோடு ஒரு மேடு. கடைசிக்கென்று மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முப்பது வருஷம் பூச்சு வேலை பார்த்தவன் கண்ணுக்கு மேடு தெரிந்தால் கை கேட்குமா? வெட்டினேன். வெட்டினதோடு விட்டேனா, தண்ணீர் தெளித்து மட்டப்பலகை பிடித்து, அதன் மேல் ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அழும்படி செய்துவைத்தேன். திரும்பி வந்த விசிலக்கா வாயில் இருந்த விசில் கீழே விழுந்தது. உன் அம்மா கரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

மறுநாள் ஓவர்சீயர் வந்தாள், சின்னப் பெண், கையில் டேப்பு. குழிக்குள் இறங்கினாள், மேலேயிருந்து பார்த்தால் அவளுடைய தொப்பி மட்டும்தான் தெரிகிறது. கழுத்து வரைக்கும் குழிக்குள் நின்றுகொண்டு, இங்க இவ்வளவு ஆழம் வெட்டினதுக்கு ஆதாரம் இல்லையேம்மா என்றாள். கெட்டவள் இல்லை, சுருட்டின டேப்பை மறுபடி விரித்து இன்னொரு தடவை அளந்து பார்த்தாள். சாட்சி இல்லாம நான் எழுதினா என் வேலை போயிடும், மேலிடத்துல கேட்டு, பக்கத்து விளக்குக் கம்பத்தோட அடியில இருந்து அளக்க அனுமதி வாங்கறேன், ரெண்டு நாள் பொறுங்க என்றாள். பொறுத்திருக்கலாம். ஆனால் பார், அந்த ரெண்டு நாளில் உன் மாமாவுக்கு மூளை வேலை செய்துவிட்டது. மண்ணைக் குழைத்து, அடுக்கடுக்காக ஏற்றி, ஓரத்தில் பழைய வேர்களைச் சொருகி, மேலே புல்லை நட்டு, ஒரு புது சாட்சியை எழுப்பினேன். நான் கட்டினதிலேயே உத்தமமான வேலை அதுதான், ஒரு பட்டாம்பூச்சி ஏமாந்து வந்து உட்கார்ந்தது. அவள் அனுமதிக் காகிதத்தோடு வந்து, சுற்றிப் பார்த்து, ஒரு கம்பியை எடுத்துக் குத்தினாள், மாவில் இறங்குவதுபோல் அடிவரை இறங்கியது. ஐயா, ரொம்ப அழகா இருக்கு, ஆனா இது பொய்ச்சாட்சி என்றாள். பார்த்ததை எழுதாமல் இருக்க அவளால் முடியவில்லை. சந்தேகத்துக்குரியது என்று ஒரு வார்த்தை எழுதி மேலிடம் கோப்பைத் திருப்பிவிட்டது, கொடுத்த அனுமதியும் போயிற்று, அந்த வாரமே திட்டத்தின் வருஷக் கணக்கும் முடிந்தது. மற்ற ஏழு பேருக்கும் போனது பன்னிரண்டு நாள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். உன் அம்மாவுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை.

போகாத படி இல்லை. மனு வாங்கும் நாளில் நானும் உன் அம்மாவும் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம், எங்கள் முறை வருவதற்குள் எதிர்ச் சுவரில் எத்தனை இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது என்று முழுக்க எண்ணிவிட்டேன். அந்த அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நீங்க சொல்றது நியாயம்தாம்மா, ஆனா என்றார். அந்த ஆனாவைத் தூக்க எட்டுப் பேர் போதாது. வேலைப் பிரிவுக்குப் போனால் அளவுப் பிரிவு என்றார்கள், அளவுப் பிரிவில் ஆள் பிரிவு என்றார்கள். தப்பு என்னுது, தண்டனையை என் பேர்ல போடுங்க என்று ஒவ்வொரு ஜன்னலிலும் சொன்னேன், அப்படிப் போட அவர்களிடம் படிவம் இல்லை. விசிலக்கா மட்டும் தினமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், வாங்க மட்டக்காரரே என்கிறாள், சரிதான், வாங்கிக்கொள்கிறேன். உன் அம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். சின்ன வயதில் அவள் கனவில் நான் அவள் புத்தகத்தைக் கிழித்தேன் என்று எழுந்ததும் என்னை அடித்தவள். இப்போது, விடுடா, நீ வேணும்னா செஞ்ச என்கிறாள். அதற்கு நான் என்ன செய்வது, சொல்லு.

நேற்று மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். சாமான் அறைக் குமாஸ்தா அளவுச்சட்டம் வைத்து, கொடுத்தபோது இருந்ததைவிட அலகு ரெண்டு விரற்கடை தேஞ்சிருக்கே, ஏன்னு விளக்கம் எழுதிக் குடுங்க என்றார். பன்னிரண்டு நாள் வேலையே நடக்கவில்லை என்று மேல்மாடியில் எழுதியிருக்கிறார்கள், கீழ்மாடியில் மண்வெட்டி தேய்ந்ததற்கு விளக்கம். உன் அம்மா காகிதத்தை என் பக்கம் தள்ளி, நீதான் நல்லா கதை எழுதுவியே, எழுதுடா என்றாள். சக்கரவர்த்திக்கு ஒரு வரி வரவில்லை கண்ணு. பேனாவைப் பிடித்தபடி நின்றேன். அவளே வாங்கி, வேலை செய்ததால் தேய்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா படித்துப் பார்த்து, சரி என்று முத்திரை குத்தினார். ஐயா, இதையே ஆதாரமா மேல அனுப்பலாமே என்று கெஞ்சினேன். அது மண்வெட்டிக் கோப்பு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல என்றார்.

நீ அங்கிருந்து யாருக்கும் எழுதிக் கேட்காதே, நான் கேட்டதே போதும், கோப்பு இன்னும் தடிமனாகும். போனில் இதைப் பற்றி நீயாக எடுக்காதே, அவளாகச் சொன்னால் முதல் தடவை கேட்பதுபோல் கேள், நடுவில் மாமா சொன்னாரே என்று உளறிவிடாதே. முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாளா என்று மட்டும் கேள், தேய்க்கவில்லை. ராத்திரி வேலை என்றால் யாராவது துணையோடு வீட்டுக்குப் போ, செருப்பு தேய்ந்திருந்தால் மாற்று. எந்த அலுவலகத்தில் என்ன செய்தாலும் உன் வேலை உன் பெயரில் ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே கண்ணால் பார்த்துக்கொள். கடவுள் என்று ஒருவர் இருந்து, அவரிடம் அதற்குப் படிவமும் இருந்தால், உனக்கு நூறு வருஷம் நல்லபடியாக எழுதட்டும்.

சரி, இப்போது கழித்துக்கொள். பூமி சாய்ந்ததைக் கழி, தாடியைக் கழி, பட்டாம்பூச்சியைக் கழி, குழியின் ஆழத்தில் பாதியைக் கழி. எல்லாம் உன் மாமா ஏற்றின மண், கம்பியை விட்டால் இறங்கும். உன் அம்மா எழுதின அந்த ஒரு வரி மட்டும் நிஜம்.

ஆசிகளுடன்,
உன் மாமா