சொந்த விருப்பத்தில் விலகியவர்

கோபம் தீராமலே நான் தேடிக்கொண்டிருக்கும் பஞ்சவர்ணம் அக்காவுக்கு,

நாம் கடைசியாகப் பேசியது சண்டை. அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு முறை போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை உங்கள் எண்ணிலிருந்து அழைத்தது உங்கள் வீட்டுக்காரர் முத்தையா அண்ணன். நீங்கள் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள் என்று சொல்லத்தான் அழைத்தார்.

திருவாதவூருக்கு வந்தேன் அக்கா. ஆனால் உங்கள் வீட்டு வாசல் வரை வரவில்லை. பஸ் நிறுத்தத்துக் கடை ஓரமாக நின்று, கொட்டுச் சத்தம் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பிவிட்டேன். செத்துப்போனவர் மேல் சந்தேகத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு மாலை போடுவது?

அந்தச் சந்தேகம் எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் பக்கத்தை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷம் ஒரே கம்பெனி வேனில் போனோம். நான் குழந்தைகள் உடுப்பில் நூல் வெட்டிச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவு. நீங்கள் டைம் ஆபீஸ்; வருகைப் பதிவு, விடுப்பு, கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் உங்கள் கை. வேனில் என் அம்மா போன் செய்தால் நான் எங்கள் சௌராஷ்டிர மொழியில் பேசுவேன்; உங்களுக்குப் புரியாது. "என்னையப் பத்தித்தான பேசுற?" என்று என் தொடையில் கிள்ளுவீர்கள். "ஆமாக்கா, உங்க பொடனிக் கொண்டையப் பத்தித்தான்" என்பேன். விளையாட்டுக்குத்தான் அப்போது சந்தேகப்பட்டோம்.

ஆர்டர் நின்றுபோனது என்று ஒரு வெள்ளிக்கிழமை எங்களை வரிசையாக டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் நாற்காலியில் இருந்தார். பேனாவை நீட்டியது நீங்கள். தாளில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு மட்டும். நான் தயங்கினேன்.

"போடு சாந்தி. போட்டாத்தான் செட்டில்மெண்ட் வரும்னு சொல்றாக."

நீங்கள் சொன்னதால்தான் போட்டேன் அக்கா. மேனேஜர் சொல்லியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

மாதாமாதம் நம் சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள் இல்லையா, அதில் வேலை போனவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு, எங்கள் தெரு நெட் சென்டரில் விண்ணப்பித்தேன். அதன் பிறகு வந்த கடிதங்கள் இருக்கின்றனவே! முதல் கடிதம், என் விண்ணப்பம் 'பரிசீலனையில் உள்ளது' என்றது. இரண்டாவது, 'நிறுவனத்தின் பதிவோடு ஒத்துப்போகவில்லை' என்றது. என்ன ஒத்துப்போகவில்லை? பெயரா, தேதியா, ஆதாரா? ஒரு வரி இல்லை. மூன்றாவது முழுக்க இங்கிலீஷ். நெட் சென்டர்காரர் அதை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரிஜெக்ட் ஆயிருச்சுக்கா. நீங்களாத்தான வேலைய விட்டுட்டீங்க? அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"நானா விட்டேனா? யாரு சொன்னா?"

"கம்பெனிதான். 'சொந்த விருப்பத்தில் விலகியவர்'னு சிஸ்டத்துல ஏத்திருக்காங்க. தானா விட்டவங்களுக்கு இது கிடையாது."

முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்று வேறு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் அதையே சொன்னார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. கம்பெனியில் சிஸ்டத்தில் ஏற்றுவது யார்?

தெருவில் நின்றபடியே உங்களுக்குப் போன் செய்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது சாந்தி. நேர்ல வாரேன், பேசுவோம்" என்றீர்கள். குரல் உங்கள் குரலாகவே இல்லை. தெரியாதவர் எதற்கு நேரில் வர வேண்டும்? "எம்புட்டு குடுத்தாங்க உங்களுக்கு?" என்று கேட்டேன். நான்தான் போனை வைத்தேன்.

ஒரு மாதத்தில் நீங்கள் இல்லை.

போன தை கழிந்து முத்தையா அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். உங்கள் பெயருக்கு, அதே ஆபீஸிலிருந்து. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை மனுஷன்.

"தங்கச்சி, மறைக்காமச் சொல்லணும். கம்பெனியில நிப்பாட்டிட்டாகன்னுதான் எங்கிட்டச் சொன்னா. இதுல தானா விட்டுட்டான்னு போட்டுருக்குன்னு படிச்சவுக சொல்றாக. எதுக்கு விட்டா? எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னா?"

இந்த ஆளும் ஒரு சந்தேகத்தோடு படுத்து எழுந்துகொண்டிருக்கிறார் என்று புரிந்தது. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனாலும் அந்த வாக்கியம் மட்டும் மனப்பாடம். என் கடிதத்தில் இருந்த அதே வார்த்தைகள், இப்போது உங்கள் பெயரில். உங்களையும் அப்படித்தான் விலக்கியிருக்கிறார்கள். நீங்கள் விலகிய நாளாக, எங்கள் எல்லோரையும் ஏற்றி முடித்த மறுநாள் தேதி போட்டிருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்தது அக்கா. அசிங்கமான சந்தோஷம். நன்றாக வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தேன்.

மறுநாள் இருவருமாகக் காப்பீட்டு ஆபீஸுக்குப் போனோம். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இவங்க வரலையா?" என்று கேட்டார்.

"தவறிட்டாங்க மேடம்."

அவர் கடிதத்தை மறுபடியும் மேலிருந்து படித்தார். பிறகு சொன்னார்: "இது ரிஜெக்ஷன் லெட்டர் இல்லம்மா. இவங்க ஒரு மனு அனுப்பியிருக்காங்க. அதுக்குப் பதில். விசாரணைக்கு வரச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கு. நீங்க சொல்ற வரி, மனு எதைப் பத்தினதுன்னு மேல போட்டிருக்கிறது. கீழயும் படிக்கணும்ல?"

கீழே யார் படித்தார்கள்? பயந்த வரி கண்ணில் பட்டதும் எங்கள் எல்லோருக்கும் மற்ற வரிகள் மறைந்துவிட்டன.

உங்கள் மனுவைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினோம். தமிழில் இரண்டு பக்கம். வருகைப் பதிவேட்டில் ஆறு வருஷம் பார்த்த சாய்ந்த எழுத்து. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியதையும், ராஜினாமா வாசகத்தை மேனேஜர் சொல்லச் சொல்ல நீங்களே அதில் எழுதியதையும், சிஸ்டத்தில் நீங்களே ஏற்றியதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தீர்கள். 'இது அவர்கள் சொந்த விருப்பம் இல்லை. என் விருப்பமும் இல்லை' என்று முடித்து, கீழே பதினொரு பெயர்கள். என் பெயர் முதலில்.

அண்ணனுக்கு நான் மெதுவாக வாசித்துக் காட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இதைய எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார்.

எனக்கோ மனுவின் தேதியில்தான் கண். என் போனுக்கு நான்கு நாள் கழித்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் கேட்டது குத்தித்தான் எழுதினீர்களா? இல்லை, உங்களையும் கழித்துக்கட்டிவிட்டார்கள் என்ற ஆத்திரத்திலா? இன்னும் எனக்குத் தெரியாது.

விசாரணைக்கு உங்களுக்குப் பதிலாக நான் போனேன். அண்ணனும் வந்தார். கம்பெனியிலிருந்து வந்த ஆள் ஃபைலைத் திறந்து என் ராஜினாமாவை எடுத்து வைத்தார். அழகான வாசகம். குடும்பச் சூழ்நிலை காரணமாக நான் விலகுகிறேனாம்.

அதிகாரி கேட்டார். "இது உங்க கையெழுத்தா?"

"கையெழுத்து என்னுது. மேல எழுதியிருக்கிறது என்னுது இல்ல சார்."

"அப்ப யாரோடது?"

வாய் வரவில்லை அக்கா. பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மனுவில் நீங்களே ஒத்துக்கொண்டதுதான். ஆனால் செத்தவர் எழுதியது வேறு, நான் எல்லோர் முன்னாலும் விரல் நீட்டுவது வேறு. கம்பெனி ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை. இதற்காகத்தான் உங்கள் கையால் எழுதவைத்தார்களோ?

முத்தையா அண்ணன்தான் என் பக்கம் குனிந்தார். "சொல்லுத்தா. அவ சொல்லத்தான நெனச்சா."

"பஞ்சவர்ணம் அக்கா எழுத்து" என்றேன்.

அதிகாரி மற்றப் பத்துத் தாள்களையும் கேட்டு வாங்கினார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், அதே சாய்ந்த எழுத்து. உங்கள் மனுவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பதினொரு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே குடும்பச் சூழ்நிலையா?" என்று கம்பெனி ஆளைக் கேட்டார். அவர் ஃபைலை மூடினார்.

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த முறை நெட் சென்டருக்குப் போகவில்லை. அதே கவுண்டர் அம்மாவிடம் கொண்டுபோய், வரி வரியாகப் பொருள் கேட்டேன். விலகிய காரணத்தைத் திருத்தச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவு போயிருக்கிறது. விண்ணப்பங்களை மறுபடியும் எடுப்பார்கள். "கிடைச்சிரும்தான மேடம்?" என்று மூன்று முறை கேட்டேன். "இதுல எழுதியிருக்கிறதை மட்டும் நம்புங்க" என்றார். பணம் கைக்கு வரும்வரை நான் அதையும் முழுதாக நம்பப்போவதில்லை.

உங்களையும் முழுதாக நம்பிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன் அக்கா. அந்த வெள்ளிக்கிழமை பேனாவை நீட்டியபோது அந்தத் தாளில் என்ன எழுதப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? இதைக் கேட்கத்தான் நான் போனை எடுத்திருக்க வேண்டும். நீங்கள் அழைத்த இரண்டு முறையும் போன் என் கையில்தான் இருந்தது. அது என் தப்பு. உங்கள் தப்பை உங்கள் பெயரிலும் என் தப்பை என் பெயரிலும் வைத்துக்கொள்வோம்.

உங்கள் பட்டியலில் ஏழு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று பேர் வீடு மாறிவிட்டார்கள்; அவர்களுக்குப் போன கடிதங்கள் திரும்பி வந்துவிட்டனவாம். அவர்களில் ஒருத்தி அலங்காநல்லூர்ப் பக்கம் இருப்பதாகத் தகவல். ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் வண்டியில் போகிறோம். கையில் உங்கள் மனுவின் நகல் இருக்கும். அவளும் உங்களைத் திட்டத்தான் செய்வாள். திட்டி முடிக்கட்டும். பிறகு இரண்டு பக்கத்தையும் கடைசி வரி வரைக்கும் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். மற்ற இருவரையும் தேடிப் பிடித்து அப்படியே செய்வேன். இது சத்தியம்.

திட்டியதைத் திரும்ப வாங்காத,
உங்கள் தங்கச்சி
சாந்தி