எலிக்குக் காற்று, எனக்குத் தணல்

செட்டிகுளம்
17.6.2007

அன்புள்ள மகன் குழந்தைவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவி பாக்யலட்சுமியும் மூன்று மாதப் பாப்பாவும் நலம். அங்கே உன் ஆராய்ச்சிக்கூடத்து எலிகள் நலமா? உன் நலத்தைக் கடைசியில் கேட்கிறேன், ஏனென்றால் நீயும் எங்களைக் கடைசியில்தான் கேட்கிறாய்.

போன மாதம் நீ பாக்யலட்சுமிக்கு எழுதிய கடிதத்தை நான் படித்துவிட்டேன். அவள் காட்டவில்லை, தலையணை உறைக்குள் இருந்தது, நான்தான் எடுத்தேன், தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும். பால் கொடுக்கும் எலிக்கு, வயிறு நிறைந்தது போதும் என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பு குறைந்துவிடும், அதனால் மற்ற நாளைவிட மூன்று மடங்கு தின்னும், உடம்பைச் சூடாக்கச் செலவாகும் சக்தியைக்கூட மிச்சம் பிடித்துப் பாலுக்குத் திருப்பிவிடும், ஆகையால் பசித்தால் அம்மாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடு என்று எழுதியிருக்கிறாய். கேட்டு வாங்கியா? இருபத்திரண்டு வருஷம் சத்துணவுக் கூடத்தில் நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை இது, ஒரு பிள்ளை அரை வயிற்றோடு எழுந்து போனதில்லை. தாயில்லாத பெண் என்று பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொண்டு பூண்டுக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் நான் செய்து போட, ஸ்காட்லாந்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு நான் பட்டினி போடுகிறவளாகத் தெரிகிறேன். சித்திரையில் பாப்பாவைப் பார்க்க வருகிறேன் என்றவன் நீ. எலிகள் குட்டி போடும் நேரம் என்று டிக்கெட்டை ரத்து செய்தாய். இதை நான் யாரிடம் சொல்ல? எதிர்வீட்டுக் கொளஞ்சி கேட்டபோது விசா கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன், இந்த வயதில் உனக்காகப் பொய் சொன்னேன்.

அதோடு விட்டாயா? எலியின் முதுகு மயிரை மழித்துவிட்டால் உடம்புச் சூடு வெளியே போய்விடுகிறது, அப்போது அது இன்னும் தின்கிறது, இன்னும் பால் கொடுக்கிறது, பாலுக்குத் தடை தீனி இல்லை சூடுதான் என்று மூன்றாம் பக்கம் முழுக்க எழுதி, மனுஷருக்கும் இப்படித்தானா என்று இன்னும் தெரியாது, இருந்தாலும் காதில் கட்டிய துண்டை அவிழ், ஜன்னலைத் திற, ஃபேன் போடு என்று அவளுக்கு உத்தரவு. வந்த ஆத்திரத்தில் அவளை நிறுத்திவைத்துக் கேட்டேன், அடுத்தது உன் தலையை மழிக்கச் சொல்லுவானா என்று. வேர்த்துக் கொட்டுதுங்க அத்தை, சோறு உள்ள எறங்கவே மாட்டேங்குது என்று மட்டும் சொன்னாள். ஒரு மாதத்தில் பாப்பா முந்நூறு கிராம்கூட ஏறவில்லை என்று நர்ஸ் சொன்னதை நானும்தான் உனக்கு எழுதாமல் மறைத்தேன். அன்றைக்கு நானே துண்டை அவிழ்த்தேன். கட்டிலை இழுத்துக் கூடத்து ஃபேனுக்குக் கீழே போட்டேன். மூன்றாம் நாள் அவளாகவே இரண்டாம் தடவை சோறு கேட்டாள். இரண்டு வாரத்தில் பாப்பா நானூறு கிராம் ஏறியிருக்கிறாள். இதனால் நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே.

நீ பிறந்ததும் இதேபோல வெயிலில், ஒரு வைகாசியில்தான். நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஜன்னலில்லாத அறையில் என்னைப் படுக்கவைத்து, காதை மூடிக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைத்தார்கள். காத்து பட்டா சன்னி வந்துடும்டி என்று என் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு போனார். எனக்கும் சோறு இறங்கவில்லை. நாற்பதாம் நாள் பால் நின்றுவிட்டது. நம் பருத்திக் காட்டில் களையெடுத்த பாப்பாயி, பிள்ளை பெற்ற இருபதாம் நாளே வேலைக்கு வந்தவள், வேப்பமரத்தடியில் காற்றாட உட்கார்ந்து தன் பிள்ளைக்கும் கொடுத்து உனக்கும் கொடுத்தாள். பெத்ததுதான் நீ, வளத்தது அவ என்று மாமியார் சாகும்வரை சொல்லிக் காட்டினார். என் உடம்பில்தான் குறை என்று முப்பத்தொரு வருஷம் நம்பினேன். அதனால்தான் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றேன், உன் அப்பாவிடம்கூடக் காரணம் சொல்லவில்லை. என் கதி இவளுக்கு வரக்கூடாதே, துளிக் காற்றும் படக்கூடாதே என்றுதான் இவள் காதிலும் துண்டை இறுக்கிக் கட்டினேன். இப்போது நீ எலியைக் காட்டிப் பாடம் நடத்துகிறாய். உன் மூன்றாம் பக்கத்தை ஐந்து தடவை படித்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் உன்மேல்தான் கோபம் வருகிறது. வேறு யார்மேல் கோபப்படுவது, எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மலைமேல் இருக்கும் முருகன் உன்னை நோய்நொடியில்லாமல் காக்கட்டும். ஆவணியில் பாப்பாவுக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறேன், எந்த எலி எப்போது குட்டி போட்டாலும் நீ வந்தாக வேண்டும். நீ சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது? இனி அவளுக்கு ஒளித்து எழுதாதே, எனக்கு எழுது. என் பால் நின்றது அந்த அறையாலா, என்னாலா? தெரியாது, ஆராய வேண்டும் என்று மழுப்பாமல் ஒரே வரியில் எழுது.

இப்படிக்கு,
உனக்கு நாற்பது நாள் பால் கொடுத்த அம்மா
லீலாவதி