அந்த மஞ்சளை நீயும் பார்த்தாய்

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் அம்மோனியா புட்டியைத் திறந்ததும் கண் எரிந்தது. உடனே உன் நினைவுதான் வந்தது. "மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினு தொறடி" என்று எத்தனை முறை அதட்டியிருப்பாய்!

மாத்தூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நீ ராயபுரம், நான் வியாசர்பாடி. எண்ணூர்க் கழிமுகத்தில் பச்சைப் பாசி படர்ந்து இறால் செத்து மிதந்தபோது, காத்திவாக்கத்து மீனவர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். மீஞ்சூர்ப் பக்கத்து வயல்களில் மண் எடுத்தோம். மழை விட்டதும் வாய்க்காலில் வடிந்த தண்ணீரைப் பிடித்தோம். அதை வற்றக் காய்ச்சி, மருந்து சேர்த்து, அம்மோனியா ஊற்றினால் நைட்ரேட் இருக்கும் அளவுக்கு மஞ்சள் ஏறும். வயலுக்குள் போகுமுன் எடுத்த தண்ணீர் வெளிறிக் கிடந்தது. வயலைக் கடந்து வந்தது மஞ்சள் அரைத்துக் கரைத்ததுபோல் இருந்தது. உரக் கம்பெனி ஆட்கள் பேச்சைக் கேட்டு மூட்டை மூட்டையாகக் கொட்டிய யூரியாவில், பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாகக் கழிமுகத்துக்கு வந்து பாசியை வளர்த்துக்கொண்டிருந்தது. "மண்ணுல நிக்காம ஓடுதுடி. வெவசாயிக்கும் நஷ்டம், மீன் புடிக்கிறவனுக்கும் நஷ்டம்" என்றவள் நீதான்.

அதிகாரிகள் ஒரு கூட்டம் கூட்டினார்கள். எனக்குச் சபையில் பேச வாய் வராது. நீ பேசுவதாக ஏற்பாடு. அன்று காலை ஒரே பஸ்ஸில் போனோம். உன் டப்பாவிலிருந்து எனக்கு இட்லி கொடுத்தாய். பிறகு அங்கே எழுந்து நின்று, வயல் தண்ணீரால் கழிமுகம் கெடவில்லை, மீனவர் குப்பத்துச் சாக்கடைதான் காரணம் என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தடுமாறி எழுந்து மறுத்தேன். "கூட வேல செஞ்சவங்களே இல்லைங்கிறாங்களேம்மா" என்று அதிகாரி கூட்டத்தை முடித்துவிட்டார்.

நாம் காத்திவாக்கம் போகும்போதெல்லாம் சோறு போட்ட மேரி அக்கா கூட்டம் நடந்த இடத்தின் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது? எங்க வூட்ல துன்னுட்டு எங்களையே கலீஜுன்னு சொல்லிட்டாளே உன் தோஸ்து?"

அந்த வாரமே நீ உரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். மேரி அக்காவின் வீட்டுக்காரர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார்.

பிறகு ஒருநாள் திருவொற்றியூர் தேரடியில் உன்னைப் பார்த்தேன். "பஸ்லயாவது சொல்லியிருக்கலாமேடி" என்றேன்.

"பேஜார் பண்ணாத. எனக்கும் வூடு, புள்ளன்னு கீது."

பஸ் வந்தது, ஏறிவிட்டாய். அதன்பின் உன்னைச் சவப்பெட்டியில்தான் பார்த்தேன். மாதா கோயில் வாசலில் உன் மகள் என்னை அடையாளம் கண்டு, "அம்மா உங்களப் பத்தி நெறைய சொல்வாங்க ஆன்ட்டி" என்று அழுதாள். என்ன சொன்னாய் என்று கேட்க மனம் வரவில்லை.

மழை விட்டால் இன்றும் அந்த வாய்க்கால்களுக்குப் போகிறேன். கூட்டம் என்றால், குரல் நடுங்கினாலும் நானே எழுந்து பேசுகிறேன். எனக்காகப் பேச யாரையும் விடுவதில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லையடி.