வெள்ளைப் பூவும் விரியும் முனையும்

புளியங்கூடல்,
ஊர்காவற்றுறை.
18.09.2024

அன்புத் தம்பி நிமலனுக்கு,

உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் தனுசியாவும் பிள்ளைகளும் அங்கே சுகமாயிருக்க அம்மாளாச்சி துணை நிற்கட்டும். மனதளவில் எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதே. காலையிலிருந்து மூன்று தரம் தேத்தண்ணி போட்டு மூன்று தரமும் குடிக்க மறந்து ஆறவிட்டேன். உன் அத்தான் என்னைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

போனில் கதைக்கலாமே என்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் அங்கே மழையா வெயிலா என்று கேட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். விநாயகமூர்த்தி அண்ணை வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறார். உன்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிற மனுஷன், உன் கையிலேயே தருவதாகச் சொன்னார். ஒடியல் மாவும் மோர்மிளகாயும் அதே பையில் இருக்கின்றன. முதலில் கடிதத்தைப் படி.

ஆவணி முதல் வெள்ளியன்று நீ போன் எடுத்து என்ன சொன்னாய்? "அக்கா, ரெண்டு மனமாக் கிடக்கு. கோயில்லை பூக்கட்டிப் பாருங்கோ. வெள்ளை வந்தா ஒண்டு, சிவப்பு வந்தா மற்றது. என்னெண்டு மட்டும் கேக்காதேங்கோ." கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஒக்ரோபர் ஒன்பதில் அம்மாவுக்கு ஆட்டைத் திவசம், அவ போய் ஒரு வருஷம். லீவு கிடைக்காது என்று ஆடியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த நீ இப்போது வருவதா விடுவதா என்று தடுமாறுகிறாய் என்றுதான் நினைத்தேன். வேறு என்னத்தை நினைப்பேன்?

விரதம் பிடித்துக்கொண்டு போனேன். ஐயர் நந்தியாவட்டையை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரத்தையை இன்னொரு துண்டிலும் மடித்துக் கட்டி அம்மாளின் காலடியில் போட்டார். நான் கண்ணை மூடி, வெள்ளை வந்தால் தம்பி வரவேண்டும் என்று சொல்லி ஒன்றை எடுத்தேன். வெள்ளைதான் வந்தது. கோயிலிலேயே அழுதேன் தம்பி. உனக்குச் சொன்னபோது, சரி அக்கா, அப்படியே செய்கிறேன் என்றாய். அந்தச் சொல்லை நம்பி வடக்கு அறைக்கு வெள்ளையடித்தேன். ஐயரிடம் நாள் சொல்லிவிட்டேன். சமையலுக்கு மடத்துவெளியிலிருந்து ஆள் பிடித்திருக்கிறேன். ஊரெல்லாம் நிமலன் வருகிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நேற்று விநாயகமூர்த்தி அண்ணை சாமான் எடுக்க வந்தார். நீ எப்போது வருகிறாய் என்று கேட்டேன். மனுஷன் முழித்தார். நீ ஒக்ரோபர் முதல் இரண்டு கிழமையும் லீவு எடுத்திருக்கிறாயாம், மான் வேட்டைக்கு. வில்லுக்கு இரண்டு விதமான அம்பு முனை இருக்கிறதாம், எதை வாங்குவது என்று மாதக்கணக்காகக் குழம்பினாயாம், கடைசியில் அக்கா பூக்கட்டிப் பார்த்ததில் வெள்ளை வந்தது என்று விரியும் முனையையே வாங்கிவிட்டாயாம். போனில் படத்தையும் காட்டினார்.

இருபத்தாறு வருஷமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். கேள்வியைப் பார்க்காமல் விடை எழுதுகிற பிள்ளைக்கு முட்டைதான் போடுவேன். இப்போது எனக்கே முட்டை.

கோபத்தில் அந்த முனைகளைப் பற்றி நானும் படித்தேன். நேற்றிலிருந்து எத்தனை வீடியோ பார்த்தேன் என்று கணக்கில்லை. விரியும் முனையின் அலகுகள் பறக்கும்போது மடிந்திருக்கும், அதனால் அம்பு நேராகப் போகும். உடம்பில் பட்டதும் குடை மாதிரி விரிந்து பெரிய காயமாக வெட்டும், இரத்தம் நிறையச் சிந்தும், அந்தத் தடத்தைப் பார்த்துப் போய் மானை எடுக்கலாம். எல்லாம் சரி. ஆனால் விரிவதற்கே அம்பின் பலத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நல்ல பாரமான வில் இழுக்கிறவனுக்குத்தான் அது பொருந்தும் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். உன் வில்லை இழுக்கிற பாரம் நாற்பது இறாத்தல்தான் என்று விநாயகமூர்த்தி அண்ணை சொன்னார். மற்ற ஆட்கள் அறுபது, எழுபது இழுக்கிறார்களாம். நீ ஏன் கூட்டவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கும். உன் வலது தோளில் இன்னும் அந்த ஷெல்லின் இரும்புத் துண்டு கிடக்கிறது. உன் கூட்டாளிகளிடம் நீ அதைச் சொல்லவில்லை, அப்படித்தானே? மேல் அலுமாரிக் கதவைத் திறக்கவே இடது கையைத் தூக்குகிறவன் நீ. நாற்பது இறாத்தலில் விட்ட விரியும் முனை எலும்பில் பட்டால் அங்கேயே நின்றுவிடும். மான் காயத்தோடு ஓடும்.

காயத்தோடு ஓடின மானைப் பற்றியும் அவர் சொன்னார். நீ அவரைக் கோபிக்காதே, எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். போன வருஷம் நீ எய்த மான் விழவில்லை. விரியாத முனை, சின்னக் காயம், இரத்தம் சிந்தவில்லை. இரண்டு நாள் சிக்னல் இல்லாத காட்டுக்குள் தேடினாய். அந்த இரண்டு நாளும்தான் இங்கே நாங்கள் உனக்கு போன் அடித்துக்கொண்டிருந்தோம். வேலையில் போனை அணைத்து வைத்திருந்ததாகச் சொன்னாய், தனுசியாவும் அதையே சொன்னாள், நாங்களும் நம்பினோம். நீ வெளியே வந்தபோது அம்மாவை எடுத்தாகிவிட்டது. உன் அத்தான்தான் கொள்ளி வைத்தார்.

நிமலன், இதை ஏன் என்னிடம் மறைத்தாய்? நான் உன்னை அடித்தா விடுவேன்? அடித்திருப்பேன்தான். பிறகு சோறு போட்டிருப்பேன். இந்த முகத்தோடு அக்காவுக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது என்றுதான் ஒரு வருஷமாக லீவு இல்லை, பிளேன் ரிக்கெற் விலை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் நீ அந்த முனைகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பதாக நேற்றிரவு நான் போனில் கேட்டபோது தனுசியா அழுதாள். எந்த முனை வாங்கினாலும் போன வருஷத்து மான் திரும்பி வராது. அம்மாவும் வரமாட்டா.

இரத்தத் தடத்தைப் பின்தொடர்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மண்கும்பானில் ஷெல் விழுந்த அன்று உன் சைக்கிள் வீதியில் கிடந்தது, உன்னைக் காணவில்லை. வெள்ளை மணலில் துளித்துளியாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் துளி நின்றுவிட்டது. அந்த இடத்தில் நின்றபோது பட்ட பயத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. மூன்று தரம் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பத்தடியில் தாழம்பற்றைக்குள் சேட்டுத் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாய், வாய் திறக்கவில்லை. ஏன் பேசவில்லை என்று பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டேன். "ரத்தத்தைப் பாத்து வாற ஆள் கொல்லத்தான் வரும் எண்டு நினைச்சனான் அக்கா" என்றாய். உனக்கு அப்போது பதினேழு வயது.

வேட்டைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்டில் அது வழக்கம், சட்டத்துக்கு உட்பட்டது, இறைச்சியையும் வீணாக்குவதில்லை என்று கேள்விப்படுகிறேன். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு இப்போது பூ இல்லாமல் விடை சொல்லுகிறேன். விரியும் முனை உன் தோளுக்குச் சரிவராது. விரியாத முனைதான், அதுவும் நல்ல கூர். அது நேராகப் போக உன் வில்லைத் திருத்திப் பல மாதம் பழகவேண்டும், அறுபது அடிக்கு அப்பால் எய்யக்கூடாது. அதற்கு இந்த வருஷம் நேரமில்லை. மான் அடுத்த வருஷமும் இருக்கும். ஆட்டைத் திவசம் ஒரு தரம்தான்.

அம்மாளாச்சி வெள்ளையைத் தந்தது என் கேள்விக்கு. அந்தப் பூவை இலையோடு அம்மாவின் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். காய்ந்துவிட்டது, எறிய மனமில்லை. லீவு உன்னிடம் இருக்கிறது. எள்ளும் தண்ணீரும் இறைக்க எந்த வலுவும் வேண்டாம் தம்பி, கை நெஞ்சு வரைக்கும்கூட உயரத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தனுசியாவை அழவிடாதே. அம்மாளாச்சி உன் தோளையும் மனதையும் காக்கட்டும். அன்றைக்கு மூன்று தரம் கூப்பிட்டும் நீ பேசவில்லை. இப்போதும் கூப்பிடுகிறேன், நிமலன். வருகிறது நான்தான். பயப்படாமல் பதில் சொல்லு.

என்றும் உன் அக்கா,
சுலோஜனா